கோழிக்குஞ்சு பல்பு

சவுதிக்குப் போயிருந்த கணவர் அன்றைக்குத்தான் அரூர் திரும்புகிறார். சிவப்பு வெளிச்சம் முகச்சுருக்கத்தைப் போக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, அமீருன்னிசா கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் பல்பை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். சீக்கிரம் பலிக்கட்டும் என்று, பாவம், இன்னும் நெருக்கினாள். கன்னம் எரிந்தது.

"அய்யோ அண்ணி, மூஞ்சி வெந்துபோச்சு! நீங்க என்ன கோழிக்குஞ்சுங்களா?" நாத்தனார் ஷகிலா ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

கண்ணாடியில் பார்த்தால் கன்னம் தக்காளியாய்ச் சிவந்திருந்தது; சுருக்கமோ அப்படியே இருந்தது. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அமீருன்னிசா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

உள்ளே வந்த நசீருதீன் முக்காட்டை விலக்கினார். "என்ன புள்ள, இப்படிச் செவந்து கெடக்கு?"

அவள் பயந்து பயந்து நிமிர்ந்தாள். அவர் தலைமுடி கன்னங்கரேலென்று இருந்தது, காதெல்லாம் சாயம்.

"மொதல்ல போயி அந்தக் காதைக் கழுவிட்டு வாங்க," என்றாள்.