செவலைக்குத் தெரிந்த பாஷை

ஐம்பத்தெட்டு வயதில் பிளம்ஸ் மரத்தில் ஏறச் சொல்லித் திருமலைச்சாமியை யாரும் கும்பிட்டுக் கேட்கவில்லை. "இந்தக் காலத்துப் பயலுகளுக்கு மரம் ஏறத் தெரியுதா?" என்று பக்கத்து வீட்டுக் கந்தம்மாளிடம் வீறாப்புப் பேசிக்கொண்டு தானாகத்தான் ஏறினார். தானாகத்தான் விழுந்தார். வலது கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. இது நடந்தது சனிக்கிழமை சாயங்காலம்.

ஞாயிற்றுக்கிழமைதான் பொதி போகிற நாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பூம்பாறை மாதிரி மலைக்கிராமத்துக்கு ஏது லாரி? பூண்டு மூட்டையெல்லாம் மட்டக்குதிரை முதுகில் ஏறி, காட்டுப் பாதையில் கொடைக்கானல் போய், இப்ராம்சா ராவுத்தர் கடை வாசலில் இறங்க வேண்டும். அங்கிருந்து ராவுத்தரின் லாரி பகல் பன்னிரண்டு மணிக்குப் பழனிக்குக் கிளம்பிவிடும். போன மாதம் இரண்டு தடவை திருமலைச்சாமி போய்ச் சேர்ந்தபோது லாரி கிளப்பிய புழுதிதான் மிச்சம் இருந்தது. "இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா ஒங்க ஊருப் பொதி பூரா அந்த இன்னொரு பொதிக்காரன் சின்னக்கருப்பனுக்குத்தான்" என்று ராவுத்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பொதி கைவிட்டுப் போனால் குதிரைகளுக்குச் சோலி இல்லை. சோலி இல்லாத மூன்று குதிரைகளுக்குக் கொள்ளு வாங்கிப் போட யாரால் முடியும்? விற்க வேண்டியதுதான்.

"நான் கொண்டு போறேங்க" என்றாள் அவர் மனைவி அன்னக்கொடி.

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஐம்பத்திரண்டு வயதில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொம்பளைக் குரல் அடுப்படியைத் தாண்டக் கூடாது என்று சொல்லித்தான் அவள் அம்மா கட்டிக்கொடுத்தாள். அடுப்படி இருக்கட்டும், அன்னக்கொடியின் குரல் உதட்டைத் தாண்டுவதே அபூர்வம். கோழியைக் கூடையில் அடைப்பதற்கும் "உள்ள போங்கம்மா" என்று கெஞ்சுகிற பிறவி அவள்.

திருமலைச்சாமி சிரித்த சிரிப்பில் கட்டில் கயிறு ஒன்று அறுந்தது. "நீயா? அடி கூறு கெட்டவளே! வண்டி ஓட அச்சு மையி வேணும், குதிரை நடக்க வசவு வேணும். ஒனக்கு வசவு வாங்கத்தான் தெரியும், குடுக்கத் தெரியுமா?"

ஆனால் ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு மகள்களும் மலைக்குக் கீழே வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் வெள்ளனே எழுந்து, கந்தம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, குதிரைக்கு இரண்டாக ஆறு மூட்டைகளை ஏற்றிக் கட்டினாள் அன்னக்கொடி. முன்னால் போகிற குதிரை செவலை. கழுத்தில் மணி கட்டிய பெட்டை. அது நடந்தால் மற்ற இரண்டும் நடக்கும், அது நின்றால் நிற்கும்.

அது நின்றது.

"வாம்மா தாயி, நேரமாச்சும்மா" என்றாள் அன்னக்கொடி. செவலை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே கட்டிலில் இருந்து திருமலைச்சாமி முழங்கினார். "ஏய் மூதேவி! சவமே! தெண்டச்சோறு! நடடீ!"

செவலை உடனே நடந்தது. அவர் நிறுத்தாமல் வைதுகொண்டிருக்க, மூன்று குதிரைகளும் வரிசையாகத் தெருவைக் கடந்தன. அன்னக்கொடி பின்னால் ஓடினாள். ஊர் எல்லையில் அவர் குரல் தேய்ந்தது. ஓடைக்கரையில் சுத்தமாகக் கேட்கவில்லை. செவலை அங்கேயே நின்றுவிட்டது.

அன்னக்கொடி கெஞ்சினாள். கொஞ்சினாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முந்தியில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தைக் கொடுத்தாள். செவலை வெல்லத்தை நக்கித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று முந்தியை முகர்ந்து பார்த்ததே ஒழிய ஓர் அடி வைக்கவில்லை. சோலைக்கு மேலே வெயில் ஏறிவிட்டது. திரும்பிப் போனால் அவர் சிரிப்பார், இன்னொரு கயிறும் அறுந்துபோகும். ஒரு பாறைமேல் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, யாரும் இல்லையே என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு, சாமிக்கு முன்னால் வேண்டிக்கொள்வது போன்ற குரலில், "மூதேவி" என்றாள்.

செவலையின் காது திரும்பியது.

"சவமே. தெண்டச்சோறு."

ஒரு கால் நகர்ந்தது. அன்னக்கொடி எழுந்து நின்றாள். "கூறு கெட்டவளே! துப்புக் கெட்டவளே! எந்த நேரத்துல என் வீட்டுக்கு வந்தியோ!" அடுத்தது என்ன என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவையும் எங்கே படித்தோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏற்றத்தில் பாதி தூரம் போனபோதுதான் உறைத்தது. குதிரைக்கென்று அந்த மனிதர் தனியாக ஒரு வசவும் வைத்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக லாயத்தில் வைததும் வீட்டுக்குள் வைததும் ஒரே வசவுதான். செவலையும் நடந்திருக்கிறது, அவளும் நடந்திருக்கிறாள்.

அன்னக்கொடிக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். அதற்குப் பிறகு அவள் வைதது செவலையை மட்டும் அல்ல. சோலைக்குள் குரங்குகள் கிளை தாவி ஓடின.

வழியில் காட்டிலாகாவின் கேட் ஒன்று. காவலாளி நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். பொதிக்காரர்கள் அவர் விழிக்கிற வரைக்கும் கைகட்டி நிற்பது வழக்கம். அன்னக்கொடி வளைவு திரும்பும்போதே செவலையைப் பார்த்து, "உக்காந்து திங்கிறதுக்கா ஒன்னைய வச்சிருக்கு? எந்திரி! வெரசா!" என்று கத்திக்கொண்டு வந்தாள். காவலாளி துள்ளி எழுந்தார். சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் கேட்டைத் திறந்து ஓரமாக நின்றார்.

"இந்தா தெறந்துட்டேங்க. ஏன் இப்பிடி வையிறீங்க?"

ஐயையோ, ஒங்களை இல்லங்க என்று சொல்ல வாயெடுத்தாள். குதிரைகள் அதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டன. சொல்லாமலே போய்விட்டாள். அது தப்புதான். ஆனால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பஜாருக்குள் நுழையும்போது லாரி உறுமிக்கொண்டு கிடந்தது. சின்னக்கருப்பனின் ஆட்கள் அவள் மூட்டைக்கு விட்டிருந்த இடத்தில் கேரட் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "பூம்பாறைப் பொதி எங்க வரப்போகுது, ராவுத்தரே" என்று சின்னக்கருப்பன் சிரித்தான்.

"நிறுத்துலே வண்டிய!"

பஜாரே திரும்பிப் பார்த்தது. யார் கத்தியது என்று அன்னக்கொடியும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். பிறகு நேராக லாரியிடம் போனாள். "கேரட்ட எறக்கு. இன்னும் பன்னெண்டு அடிக்கல."

ராவுத்தர் கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம். "எறக்குங்கப்பா" என்றார். பூண்டு ஏறியது. ராவுத்தர் டீ வரவழைத்து, ஒரு கட்டி வெல்லத்தையும் தாளில் மடித்துக் கொடுத்தார். "அடுத்த வாரமும் நீங்களே வாங்கம்மா. ஒங்க வீட்டுக்காரரு வந்தா லாரி நிக்க மாட்டேங்குது."

திரும்பும்போது பொதி இல்லை. வைது வைது தொண்டையும் கட்டிவிட்டது. அதனால் "வாம்மா தாயி" என்று சொல்லிச் சொல்லி, சொல்லுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு மைல் போவதற்குள் செவலை இந்தப் பாஷையையும் படித்துக்கொண்டது.

பொழுது சாய வீட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். குதிரைகளை இன்னும் கட்டவில்லை. திருமலைச்சாமி உள்ளே இருந்து கம்பை ஊன்றி நொண்டிக்கொண்டு வந்தார். காலையில் இருந்து வைவதற்கு ஆள் இல்லாமல் அவருக்கு வாய் நமநமத்துக் கிடந்தது.

"ஏய் மூதேவி! இப்பத்தான் வர்றியா? தெண்டச்சோறு! நட, போயி வெந்நி வையி!"

செவலை நடந்தது. அன்னக்கொடி நடக்கவில்லை.

"ஏய், குதிரை போகுதுடி!"

"நீங்க சொன்னீங்க, அது போகுது" என்றாள் கம்மிய குரலில்.

"நில்லு சவமே! கூறு கெட்ட கழுத!" என்று திருமலைச்சாமி தெருவில் நொண்டி ஓடினார். அவர் வைய வைய செவலை வேகமாகப் போனது. மற்ற இரண்டும் பின்னாலேயே போயின. தெரிந்த வசவையெல்லாம் தீர்த்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வாசலில் நின்ற கந்தம்மாள் இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளாமலே சிரித்தாள்.

"ஏய், கூப்புடுடி அதை!"

"ஏய்னு இங்க யாரும் இல்லீங்க."

மணிச்சத்தம் ஓடைப் பக்கம் தூரமாகிக்கொண்டிருந்தது. திருமலைச்சாமி ஒற்றைக் காலில் நின்று தெருவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் பேர், தாலி கட்டிய அன்று பூசாரி கேட்டதற்கு அவர் சொன்ன பேர். அதற்குப் பிறகு அது அவர் வாயில் வந்ததில்லை.

"அன்னக்கொடி... கொஞ்சம் கூப்புடேன்."

அன்னக்கொடி எழுந்து தெருவுக்கு வந்தாள். "வாம்மா தாயி" என்றாள், அந்தக் கட்டிய தொண்டையால் முடிந்த மட்டும். மணிச்சத்தம் நின்றது. பிறகு நெருங்கியது. செவலை வந்து அவள் முந்தியை முகர்ந்தது. தாளில் மிச்சம் இருந்த வெல்லத்தை உடைத்து அதற்குப் பாதி கொடுத்தாள். மீதிப் பாதியைப் புருஷனிடம் நீட்டினாள்.

"வெந்நி நீங்க வைங்க. எனக்குக் காலு வலிக்குது."

திருமலைச்சாமி வெல்லத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அடுப்படிக்கு நடந்தார்.