பதின்மூன்று விநாடி

பெயர்ப் பலகையில் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியை இந்த ஊரில் உரைகளிலிருந்துதான் எடுக்கிறார்கள். பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்துவார் அல்லவா, அந்த மௌனத்தைப் பிடித்துப் பலகையில் விட்டால் எழுத்துகள் அதற்கு ஏற்றபடி நகர்ந்து நின்றுகொள்ளும். பூட்டிய அறையில் கிடக்கிற சும்மா மௌனம் உதவாது. முயன்று பார்த்தவர்கள் உண்டு. மறுநாளே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. எழுத்துகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் பேச்சை நிறுத்திய மௌனமாக இருக்கவேண்டும்.

அப்படிப் பேசுகிறவர் ஊரில் ஒருவர்தான், ஞானசிகாமணி. வாசகசாலையின் மேல் அலமாரியில் ஒரு பழைய டேப் ரிக்கார்டருக்குள் இருக்கிறார். அங்கிருந்தபடியே போர்டு எழுதப் படிக்கிற மாணவர்கள் எல்லோருடைய போனுக்கும் பேசுவார். மொத்தம் நாற்பது உரைகள். படம் கிடையாது, கரும்பலகை கிடையாது. "இதோ இந்த வளைவைப் பாருங்கள், எவ்வளவு அசட்டையாகத் திரும்பியிருக்கிறது" என்பார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்குகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்; சிலர் முகம்கூடச் சுளிப்பார்கள். படிப்பு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டுக் கேட்பார். பெரும்பாலோர் அதை முதல் வாரத்திலேயே, சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் வைக்கலாமா என்று கேட்டு வீணடித்துவிடுவார்கள்.

தங்கக்கனி கேள்வியை வீணடிக்கவில்லை. அவள் செய்த தப்பு வேறு.

கதிரொளி ஆர்ட்ஸ் என்ற போர்டு கடையில் அவளுக்கு வேலை. காலையில் அப்பாவுக்குக் கஞ்சி, பகலில் கடை, சாயங்காலம் ஆஸ்பத்திரி என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறவளுக்கு நாற்பது உரைகளை ஆற அமரக் கேட்க நேரம் ஏது? இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டாள். பாடம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. எந்த எழுத்துக்கு வயிறு பெருக்கும், எது ஒற்றைக் காலில் நிற்கும், எதன் பக்கத்தில் எதை வைத்தால் சண்டை வரும், எல்லாம் மண்டையில் ஏறிவிட்டது. மௌனங்கள் மட்டும் பாதியாகச் சுருங்கிவிட்டன. பாதி மௌனத்தைப் பார்த்து இது பாதி என்று யாரால் சொல்லமுடியும்? முப்பத்தொன்பது உரைகளிலிருந்தும் அவற்றைப் பிடித்து, போனில் பத்திரமாகச் சேர்த்து வைத்தாள். நாற்பதாவதைச் சொந்தக் கடை திறக்கும் நாளில்தான் கேட்கவேண்டும் என்பது வழக்கம். அதை அவள் தொடவில்லை.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து புதுப் பலகைக்கு ஆர்டர் வந்தபோது, "இத நானே செய்றேன் அண்ணாச்சி" என்று முந்திக்கொண்டதும் அவள்தான். அது அவளுடைய அப்பா படுத்திருந்த வார்டு. ஆண்கள் நெஞ்சக நோய்ப் பிரிவு. பதினான்கு எழுத்து, பதின்மூன்று இடைவெளி. இருந்ததில் நல்ல மௌனங்களாகப் பொறுக்கி, வேறு யாருடைய பலகைக்கும் இவ்வளவு பார்த்ததில்லை என்னும்படி வைத்தாள். காலை பத்து மணிக்குப் பலகையை மாட்டிவிட்டு வந்தார்கள்.

பதினொன்றரைக்கு நர்ஸ் ரூபி போன் செய்தாள்.

"யக்கா, போர்டு நெருக்கமா இருக்கு. உள்ள பன்னெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது. ஒங்க அப்பாவுக்குத்தான் ரொம்ப."

போனை வைத்ததுமே காரணம் எது என்று தங்கக்கனிக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் கீச்சுக் குரலில் ஓடிக்கொண்டிருந்த ஞானசிகாமணி நினைவுக்கு வந்தார். கடை முதலாளி வேலாயுத அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்தார்.

"எத்தன வேகத்துல கேட்ட?"

"ரெண்டு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அப்ப ரெண்டு விநாடி மௌனம் ஒண்ணாச் சுருங்கிருக்கும். எடத்துக்கு ஒரு விநாடி கொறையுது. பதிமூணு எடம், பதிமூணு விநாடி. ஏணிய எடுத்துட்டுப் போ. போர்டக் கழட்டிராத."

கழற்ற முடியாது என்பது அவளுக்கும் தெரியும். பெயரில்லாத வார்டுக்கு ஆக்சிஜன் கொடுக்க ஸ்டோரில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். பழைய பலகையோ, இறக்கிவைத்த உடனே எழுத்துகளை உதிர்த்துவிட்டு வெறும் தகரமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே தெரிந்தது. 'நோ' தன் பக்கத்திலிருந்த 'ய்'யைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தது. 'வு' ஓரத்துச் சட்டத்தில் நசுங்கி நின்றது. காலையில் இதையா அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்தோம் என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது. உள்ளே பன்னிரண்டு பேரும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, தோள்களைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். லாரி ஆபீஸில் முப்பது வருஷம் கத்திக் கத்தி மூட்டை ஏற்றியவர். இப்போது ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு செலவழிக்கவேண்டியிருந்தது.

"போர்டு... நல்லாருக்கு... கனி. எல்லார்ட்டயும்... சொன்னேன். எம் மக... செஞ்சதுன்னு."

"பேசாதீங்கப்பா."

"நீ... சாப்ட்டியா?"

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். என் கையாலேயே அப்பாவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறேன், அவர் அதைப் பார்த்துப் பெருமைப்படுகிறார் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுவதற்கும் நேரமில்லை. போனைத் திறந்து முப்பத்தொன்பது உரைகளையும் துழாவினாள். மௌனம் எடுத்த இடங்களில் சொற்கள் ஒட்டிக்கொண்டு, ஞானசிகாமணி மூச்சே விடாமல் ஓடினார். அரை விநாடிகூட மிச்சமில்லை. இன்னொருவர் கேட்டுப் பிடித்த மௌனம் இவள் வைத்த எழுத்துக்கு ஒட்டாது. ஆக, இருப்பது நாற்பதாவது உரை ஒன்றுதான்.

மணி மூன்றேகால். ரூபி வந்தாள்.

"டாக்டர் பாத்துட்டுப் போறாருக்கா. நாலு மணிக்குள்ள மூச்சு எறங்கலேன்னா பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தணுங்கறாரு. ஆனா..." என்று நிறுத்தினாள். "ரெண்டு மணி நேர ரோடு. ஒங்க அப்பா தாங்க மாட்டாகக்கா."

தங்கக்கனி ஏணியைப் பலகையின் கீழ் சாத்தி, ஏறி, நான்காம் படியில் உட்கார்ந்துகொண்டாள். வேகத்தை ஒன்றில் வைத்தாள். நாற்பதாவது உரையைத் தட்டினாள்.

முதல் முறையாக அவருடைய உண்மையான குரலைக் கேட்டாள். கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். "இது கடைசி உரை. சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது" என்று தொடங்கினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் நிறுத்தவே இல்லை. ஓரத்தில் விடவேண்டிய வெள்ளையைப் பற்றிச் சொன்னார், அதிலிருந்து நிழல் எழுத்துக்குத் தாவினார், நிழல் எழுத்தைக் கண்டுபிடித்தவனை ஒரு பிடி பிடித்தார். வாக்கியம் முடிகிற இடத்தில் 'ஆகவே' என்று ஒன்றைக் கொக்கிபோட்டு அடுத்ததை இழுத்துக்கொண்டார். பத்து நிமிடம் போயிற்று. அவள் போனைப் பலகையோடு ஒட்டிப் பிடித்தபடியே இருந்தாள், ஒரு மூச்சாவது விடமாட்டாரா என்று. உள்ளே யாரோ தண்ணீர் கேட்டு, கேட்டதை முடிக்க முடியாமல் விட்டார்கள். அது அப்பாவின் குரலாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

பதினான்காம் நிமிடம். உரை பதினெட்டு நிமிடம்தான்.

அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. சும்மா கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்குப் பதில் தெரியாத சங்கதி எழுத்துலகில் கிடையாது. அவரால் பதில் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்கவேண்டும். அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஏழாவது உரையில், "என் வீட்டு வாசல் பலகையை நான்தான் எழுதினேன், இருபத்திரண்டு வயதில், ஒரே மூச்சில்" என்று ஆரம்பிப்பார். அடுத்த சொல்லிலேயே தூரிகை கழுவுவது எப்படி என்று போய்விடுவார். திரும்ப அந்த வீட்டுப் பக்கம் வரவேமாட்டார். இரட்டை வேகத்தில் கேட்டபோதுகூட அந்த இடம் அவளுக்கு உறுத்தியிருந்தது.

கேட்பது பாவம் என்று அவளுக்குத் தெரிந்தது. எட்டு மாதம் காதுக்குள்ளேயே இருந்து சொல்லிக்கொடுத்தவர். உள்ளே அப்பா இருமினார். இருமல் பாதியில் நின்றது.

தங்கக்கனி கையைத் தூக்கினாள்.

"கேளம்மா" என்றார் ஞானசிகாமணி.

"ஒங்க வீட்டு வாசல் போர்டுக்கு எவ்வளவு எடைவெளி விட்டீங்க சார்? அந்த வீட்ல யார் யார் இருந்தாங்க?"

பேச்சு நின்றது.

அவள் முதல் இடைவெளியில் போனை வைத்தாள். 'ஆ'வும் 'ண்'ணும் மெல்ல விலகின. அடுத்ததற்கு நகர்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இப்போது பேசிவிடுவாரோ என்று ஒவ்வொரு எழுத்துக்கும் உயிர் போய் வந்தது. 'நெ'க்கு முன்னால் ஒயர் ஆணியில் மாட்டிக்கொண்டது, பல்லால் இழுத்தாள். எட்டு, ஒன்பது. 'நோ' தோளை எடுத்துக்கொண்டது. மௌனம் தடிமனாக, சுருக்கமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு மௌனத்தை முப்பத்தொன்பது உரைகளில் அவள் கண்டதில்லை. பன்னிரண்டு. பதின்மூன்று. 'வு' சட்டத்தை விட்டு நகர்ந்து நேராக நின்றது.

உள்ளே பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. பிறகு ஒருவர் சிரித்தார். இன்னொருவர் ரூபியிடம் டீ எப்போது வரும் என்று சண்டைக்குப் போனார். அது அப்பாதான். முழு வாக்கியம் பேசினார்.

தங்கக்கனி ஏணியிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம்தான் காதில் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை என்பது தெரிந்தது.

"போதும் சார்" என்றாள். "நீங்க சொல்ல வேண்டாம் சார். வேற பேசுங்க."

மௌனம் ஓடிக்கொண்டே இருந்தது. பதினெட்டு நிமிடம் தாண்டியும் உரை முடியவில்லை. பலகையின் எழுத்துகள் இன்னும் விலகத் தொடங்கியதால் போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். நான்கு மணிக்கு டாக்டர் வந்து அப்பாவின் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பெரியாஸ்பத்திரி வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு வாசகசாலையிலிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்தார்கள். கழுத்துவரை போர்த்தியிருந்தது. டேப்பின் சக்கரங்கள் இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன, சத்தம் மட்டும் இல்லை. அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது, அதில் படுக்கவைத்தார்கள். ரூபி மூடியைத் திறந்து இரண்டு விரலை வைத்துப் பார்த்து, தலைமாட்டை உயர்த்திவிட்டு, சீட்டை எடுத்தாள்.

"இவருக்குக் கூட யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றாள் தங்கக்கனி.

"என்ன ஒறவு?"

"படிக்கிற பிள்ளை."

ரூபி எழுதிக்கொண்டாள். அப்பா எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"யாரு கனி இவரு?"

"எனக்கு எழுத்து சொல்லிக்குடுத்தவருப்பா. அந்த போர்டு மூச்சு இவரோடது. நாந்தான் கேக்கக்கூடாதத ஒண்ணு கேட்டுட்டேன்."

அப்பா சாத்துக்குடியை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அந்தக் கட்டிலின் பக்கம் நீட்டினார். "மெதுவா சாப்பிடுங்க சார். இங்க யாரும் ஒங்கள எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார். தங்கக்கனி அதை வாங்கி, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாக, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தின் பக்கத்தில் வைத்தாள். ஆறாவது சுளையை வைத்தபோது, தோல் கொஞ்சம் கசக்கிறது என்று ஞானசிகாமணி சொன்னார். அவள் தோலை உரித்தாள்.