செவ்வாயும் வெள்ளியும் ஆடிய பூமி

“உன் கால் சொல்றது நெசமா, இந்த மெஷின் சொல்றது நெசமா? நீயே சொல்லும்மா.”

கேஸ் கம்பெனி ஆபீசர் சிட்டிபாபு கிருஷ்ணவேணியிடம் இப்படிக் கேட்டபோது அவள் இரண்டு காலையும் தறிக்குழிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் பாதித் தெரு நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு பெண்ணின் காலைச் சாட்சிக்குக் கூப்பிட்ட வழக்கு திருப்பருத்திக்குன்றத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

வழக்கு ஆரம்பித்தது எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில். வேகவதி ஆற்றுக்கு அக்கரையில் கேஸ் எடுக்கிறேன் என்று ஒரு கம்பெனி வந்து இரண்டு இடத்தில் துளை போட்டது. முதல் துளையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் கேஸும் நிறைய உப்புத்தண்ணியும் வந்தன. அந்தத் தண்ணியை வயலில் விடக்கூடாது என்று விவசாயிகள் மறித்ததால், லாரியில் பிடித்துக்கொண்டு போய் முதல் துளைக்குள்ளேயே கொட்டினார்கள். வாடகை லாரி செவ்வாயும் வெள்ளியும்தான் கிடைக்கும். ஆகவே அந்த இரண்டு நாளும் கொட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் கிருஷ்ணவேணியின் புடவையில் கோர்வை கோண ஆரம்பித்தது. கோர்வை என்பது உடலும் கரையும் சேருகிற இடம். மிதி ஒரு மயிரிழை தவறினாலும் அங்கே கோடு கோணி ரம்பம் மாதிரிப் பல் விழுந்துவிடும். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்து பத்து வருஷமாக அவள் இந்தக் குழியில் உட்காருகிறாள். பக்கத்துப் பலகையில் அம்மா பூவம்மாள் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளுவாள். பத்து வருஷத்தில் ஒரு பல் விழுந்ததில்லை. இப்போது இரண்டரை முழத்துக்கு ஒன்று, அதற்கடுத்து மூன்றேகால் முழத்துக்கு ஒன்று என்று வரிசையாக விழுந்தது. குழிக்குள் தொங்குகிற காலுக்கு அடியில் பூமி பூனை மாதிரி ஒருமுறை சிலிர்க்கும். பலகையில் உட்கார்ந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தெருவில் நடக்கிறவனுக்கும் தெரியாது.

குழித்தறிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. செவ்வாய், வெள்ளி என்று நாள் பார்த்து ஆடுவதால் இது அம்மன்தான் என்று ஒரே பேச்சில் முடிவாயிற்று. கூழ் ஊற்றினார்கள். அடுத்த செவ்வாய் இரண்டு தடவை அதிகமாக ஆடியது. அம்மனுக்குக் கூழ் பிடித்துவிட்டது என்று மறுபடியும் ஊற்றினார்கள்.

காஞ்சிபுரத்து முதலாளிக்கு மட்டும் இந்தக் கதை எடுபடவில்லை. மூன்றாவது கோணல் புடவையை விரித்துப் பார்த்துவிட்டு, பூமி ஆடுவது உண்மையென்றால் கம்பெனியிடம் எழுதி வாங்கி வரச்சொன்னார். வரும் வெள்ளிக்குள் காகிதம் வராவிட்டால் தறியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னார். தறி அவருடையது. குழி மட்டும்தான் இவர்களுடையது.

கிருஷ்ணவேணி ஆற்றைத் தாண்டிப் போய் ஆபீசரைப் பார்த்தாள். சிட்டிபாபு நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். பூமி ஆடுகிறதா என்று பார்க்கவே கம்பெனி ஒரு மெஷின் அனுப்பியிருப்பதாகவும், அதன் முள் இரவும் பகலும் காகிதத்தில் கோடு போடுவதாகவும் விளக்கினார். மூன்று மாதக் காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். பாவு நூல் மாதிரி நேர்க்கோடு. இவ்வளவு அமைதியான பூமி இந்தியாவிலேயே இல்லை என்று ஹெட் ஆபீசிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அதையும் படித்துக் காட்டினார்.

அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஆள் வேறு யாருமில்லை, அவள் தம்பி பழனிதான். இந்த வேலையை நம்பித்தான் முசரவாக்கத்துக் காந்தாவை அவனுக்குக் கொடுப்பதாகப் பெண்ணின் அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். வைகாசியில் கல்யாணம்.

அன்று சாயங்காலம் பூவம்மாள் பரண் மேல் எதையோ தேடினாள். கல்யாணத்துக்கென்று தைத்து வைத்த இலவம்பஞ்சு மெத்தையைக் காணவில்லை.

“நான்தாம்மா எடுத்துக்கினு போனேன்,” என்றான் பழனி, சோற்றைப் பிசைந்துகொண்டே. “மெஷினுக்கு அடியில போட்டிருக்கேன்.”

“மெஷினுக்கு எதுக்குடா மெத்தை? அது புள்ள பெத்துதா?”

“இத்த ஆட்டவே கூடாது, ஆட்னா கெட்டுப்பூடும்னு சாரு மொத நாளே சொல்லிட்டாரு. வெறுந்தரையில வெச்சா செவ்வா, வெள்ளியில கடகடன்னு ஆடுது. மெத்தை போட்டப்பறம் கம்முனு கெடக்குது. மூணு மாசமா ஒரு ஆட்டம் இல்ல.”

கிருஷ்ணவேணி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். அம்மா எழுந்து போனதும், மெத்தையை ஓசைப்படாமல் எடுத்துவிடும்படி தம்பியிடம் கெஞ்சினாள். மெஷின் ஆடுவதற்காகத்தான் வைத்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னாள். அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். ஆடுவதற்கு எதற்கு மெஷின், அது தானாகவே ஆடுகிறதே என்றான். ஆடாமல் பார்த்துக்கொள்ளத்தான் தனக்குச் சம்பளம் என்று முடித்துவிட்டான்.

மெத்தையைப் பற்றி ஆபீசரிடம் சொன்னால் தம்பியின் வேலை போய்விடும். ஆகவே அவள் அவரிடம் வேறு விதமாகக் கேட்டாள். வெள்ளிக்கிழமை மெஷினை அவள் தறிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எப்படியும் தம்பி அதை வெறுந்தரையில்தான் இறக்குவான் என்று நம்பினாள். சிட்டிபாபுவுக்கும், பூமி ஆடுகிறது என்று ஊரில் சிலர் போட்டிருந்த மனுவுக்குப் பதில் எழுதவேண்டியிருந்தது. ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மாட்டுவண்டியில் மெஷின் வந்தது, மெத்தையோடு. பழனி மெத்தையை விரித்து, சுருக்கம் நீவி, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மெஷினை அதன் மேல் வைத்தான். பத்து மணிக்கு லாரி தண்ணி கொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணவேணி, “இப்போ சார்,” என்றாள். முள் நேராகப் போயிற்று. “இப்போ.” முள் நேராகப் போயிற்று. ஐந்தாவது தடவை சொன்னபோது வாசலில் நின்றவர்களே சிரித்தார்கள். அப்போதுதான் ஆபீசர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் மண்டியிட்டு மெத்தையின் ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் தறியைக் கழற்ற முதலாளியின் ஆட்கள் வருவார்கள்.

“ரெண்டும் நெசம்தான் சார்,” என்றாள். “என்னையும் மெத்தை மேல ஒக்கார வெச்சீங்கன்னா என் காலும் ஒண்ணும் சொல்லாது.”

சிட்டிபாபு அப்போதுதான் குனிந்து பார்த்தார். அதுவரை அதை மெஷினோடு கம்பெனி அனுப்பிய மெத்தை என்றே நினைத்திருந்தார். உருவி எடுக்கச் சொன்னார். மெஷின் தரையைத் தொட்டதும் முள் வெறி பிடித்த மாதிரி எழுதத் தொடங்கியது. ஆபீசருக்கு வியர்த்தது. தறி மிதித்தால் ஆடத்தானே செய்யும் என்றார். கிருஷ்ணவேணி காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். முள் ஆடியது. தெருவில் உள்ள அத்தனை தறியையும் நிறுத்தச் சொன்னார். ஊரே மூச்சடங்கிய அந்த அமைதியில் முள் இன்னும் நன்றாக ஆடியது.

சிட்டிபாபு நாற்காலி கேட்டு வாங்கி நெடுநேரம் யோசித்தார். ஹெட் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாத நேர்க்கோடுகளை இனி வளைக்க முடியாது. கடைசியில் காகிதம் எடுத்து எழுதி, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுத்தார். வாசலில் இருந்த ஒருவர் வாங்கி உரக்கப் படித்தார். இந்தத் தெருவில் பூமி ஆடுவது உண்மை. நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்த மிதி பூமிக்குள் சேர்ந்து கிடந்து இப்போது வெளியே வருகிறது. ஆகையால் செவ்வாயும் வெள்ளியும் தறி நெய்யக் கூடாது. கம்பெனி வேலை வழக்கம்போல் நடக்கும்.

கிருஷ்ணவேணி காகிதத்தைத் திரும்ப வாங்கி, முதல் வரியை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள். முதலாளிக்கு அது போதும்.

“மெத்தை போடச் சொன்னது யாருப்பா?” என்று கேட்டார் ஆபீசர்.

“ஆடக் கூடாதுன்னீங்களே சார்,” என்றான் பழனி.

அவர் கோபப்படவில்லை. நாளையிலிருந்து அவன் வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். மெஷின் அவர் மடியில் ஆடிக்கொண்டே போயிற்று. கூட்டமும் கலைந்தது. வீட்டில் மூன்று பேரும் மெத்தையும் இருந்தார்கள்.

“காந்தா வூட்ல நான் போயி பேசறேன்டா,” என்றாள் கிருஷ்ணவேணி. “உன் மேல தப்பில்லன்னு சொல்றேன்.”

பூவம்மாள் தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் தள்ளினாள். பழனி தட்டைப் பார்த்தான். அக்காவின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். கம்பெனி கொடுத்த காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துத் தறிப்பலகை மேல் வைத்தான். வெறும் பனியனோடு தெருவில் இறங்கி, முசரவாக்கத்துக்குப் போகாத பக்கமாக நடந்து போனான்.