வெள்ளி அரைஞாண்

சாரல் தொடங்கினால் ஊரெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும். எங்கள் வீட்டுக்கு மட்டும் தம்பி வருவான். போன வருஷம் வந்த தம்பிக்கு முன்வழுக்கை. அதற்கு முந்தினவன் என்னைவிட மூத்தவன். எனக்கு அலுத்துவிட்டது. வருகிறவனுக்கெல்லாம் இலை போட்டு, கதை கேட்டு, வழியனுப்பி, பிறகு அம்மாவின் அழுகையையும் கேட்க என்னிடம் தெம்பில்லை. வீட்டுக்காரர் பட்டாளத்தில், அரிசி ரேஷனில், நானும் மகளும் தென்காசியில் அம்மா வீட்டில்.

என் தம்பி இசக்கியப்பன் மூன்று வயதில் தொலைந்தான். எனக்கு அப்போது ஏழு. ஆடி அமாவாசைக் கூட்டம். அம்மா அவனுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, கையைப் பிடித்து அருவிக்குக் கூட்டிப் போனாள். எண்ணெய்க் கை அல்லவா, நெரிசலில் பிடி வழுக்கிவிட்டது. அவ்வளவுதான். பிறகு எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொல்லி வருகிறாள். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. தம்பி இடுப்பில் கிடந்தது கறுப்புக் கயிறு. கோவில் வாசலில் அதை வாங்கும்போது நானும் கூட நின்றேன். அம்மா வாயில் அது பட்டுக்கயிறாகி, பிறகு வெள்ளி அரைஞாணே ஆகிவிட்டது.

"கயிறுதானம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நீ அப்பம் சின்னப்பிள்ள. ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்று பாய்ந்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை, பாவம். அவள் கண்ணுக்கு வெள்ளிதான் தெரிந்தது.

வருகிறவர்களிடம் அவள் கேட்பதும் அதைத்தான். வெள்ளி அரைஞாண் என்று எல்லோரும் பட்டென்று சொல்வார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். அம்மா உருகிப்போவாள். நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய், "தும்பா வேணுமா?" என்பேன். தம்பிக்குச் செம்பு என்று சொல்ல வராது; தண்ணீருக்கே தும்பா என்றுதான் பெயர் வைத்திருந்தான். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. வந்தவன், "செம்பா? குடுங்க" என்று வாங்கிக் குடிப்பான். சாயங்காலத்துக்குள் அவனை அனுப்பிவிடுவேன்.

இந்த வருஷம் வந்தவன் பெயர் துல்கர்னைன். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ஜவுளிக்கடை. உட்காரவே கூச்சப்பட்டான். குற்றாலத்தில் அழுதுகொண்டு நின்றவனை, பிள்ளையில்லாத ஜன்னத் என்ற அம்மாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாளாம். சாகக் கிடக்கும்போதுதான் உண்மையைச் சொன்னாளாம். அருவிக்கரையில் விசாரித்தபோது எங்கள் வீட்டைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

"ஒன் இடுப்புல என்ன கெடந்துச்சு?" என்றாள் அம்மா.

"எனக்கு ஒண்ணும் நெனவில்லம்மா."

"அருவி?"

"இல்ல."

"இந்தா நிக்காளே, ஒங்க அக்கா?"

என்னைப் பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

"இவன் இல்லட்டி, ஒலகம்ம. எம்பிள்ளைக்கு அரைஞாண் கூடவா மறந்துபோவும்?" அம்மா அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

என் மகள் வள்ளித்தாய்க்கு நாலு வயது. அப்பாவை நினைவிருக்கிறதா என்றால், "பொட்டியத் தூக்கிட்டுப் போச்சு, எனக்கு முட்டாய் தந்துச்சு" என்பாள். அத்தனையும் நான் சொல்லிக் கொடுத்தது. போன வருஷம் கேட்டதற்கு வெறுமனே விழித்தாள். பிள்ளைகளுக்கு அந்த வயதில் என்ன தங்கும்? எதுவும் நினைவில்லை என்று இந்த வீட்டில் சொன்ன முதல் ஆள் இவன்தான். எனக்குச் சுருக்கென்றது.

"வாரேன் அக்கா" என்று செருப்பை மாட்டினான்.

செம்பை நீட்டினேன். "தும்பா குடிச்சுட்டுப் போ."

வாங்க வந்த கை அப்படியே நின்றது.

"இந்தச் சொல்லு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? இது எங்க வீட்டுப் பேச்சுல்லா. உம்மா கடைசிவரைக்கும் தண்ணிய தும்பான்னுதான் கேட்டா. 'நீ வந்த அன்னைக்கு எனக்குச் சொல்லித் தந்த பேரு'ன்னு சாகும்போதுதான் சொன்னா."

"எய்யா" என்றேன். அவன் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"அம்மா, தும்பா! தும்பா ஞாபகம் இருக்கா?"

"என்ன தும்பா? என்னட்டி ஒளறுத?"

அவளுக்குத் தெரியவில்லை. எவ்வளவு சொல்லியும் தெரியவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது அந்த வெள்ளி ஒன்றுதான். எனக்கு அலுப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இவனுக்கு நெனவு வந்துட்டும்மா. அரைஞாணச் சொல்லுதான்."

அம்மா திரும்பினாள். "சொல்லுலே. என்ன கெடந்துச்சு?"

அவன் என் பக்கம் குனிந்தான். "அக்கா, எனக்கு நெசமாவே ஒண்ணும்..."

"வெள்ளின்னு சொல்லு" என்றேன் அவன் காதோடு. "சொல்லிக்கிட்டே இரு. நெனவு தன்னால வந்துரும்."

"வெள்ளிம்மா" என்றான்.

அம்மா எழுந்து வந்தாள். முந்தானையில் உள்ளங்கையை அழுத்தித் துடைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்தாள்.