பத்தேகாலுக்கு முன்னா, பின்னா

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் வசந்தகுமாரி. கள்ளிக்குப்பத்திலிருந்து மொபெட்டில் வந்து இறங்கிய அண்ணன் தங்கவேல், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"எத்தினி மணிக்குப் போச்சு வசந்தா? கரீட்டா சொல்லு."

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"பத்தேகால் வரைக்கும் திருவோணம். அதுக்கு மேல அவிட்டம். அவிட்டத்துல உசுரு போயிருந்தா ஆறு மாசம் அடைப்பு. ரூமைப் பூட்டணும்" என்றான். வரும் வழியிலேயே பஞ்சாங்கம் பார்த்திருந்தான். கோவில்பதாகையில் அந்த வீட்டுக்கு இருந்ததே ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். கல்யாணம் கட்டாத அவளும் அப்பாவும் மட்டும் குடியிருந்தார்கள்.

"நான் மணி பாக்கலண்ணா."

"இன்னாது? பக்கத்துலதான இருந்த?"

ஒன்பதரைக்குக் கஞ்சி கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தபோது பத்தரை. நடுவில் எப்போது என்பது அவளுக்கே தெரியாது.

பதினெட்டு வருஷ நர்ஸ் வேலையில் அவள் மணி குறிக்காத சாவு கிடையாது. யார் பெற்ற பிள்ளையோ கண் மூடினால், அவள் கண் முதலில் கைக்கடிகாரத்துக்குப் போகும், அப்புறந்தான் முகத்துக்கு. வர வரத் தூக்கத்திலும் குளுக்கோஸ் சொட்டுகளை எண்ணினாள், தொட்டதற்கெல்லாம் நோயாளிகள்மேல் எரிந்து விழுந்தாள். இப்படியானவர்கள் பத்துப் பேரைப் பொறுக்கி, புதன்கிழமைதோறும் மனப்பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார் மேட்ரன். "மூச்சைக் கவனிங்க, எண்ணாதீங்க" என்றார் சொல்லிக்கொடுக்க வந்தவர். நர்ஸைப் பார்த்து எண்ணாதே என்றால் நடக்கிற காரியமா? நான்கு புதனும் அவள் எண்ணிவிட்டுத்தான் எழுந்தாள்.

இன்று காலை அப்பாவுக்கு மேல்மூச்சு வாங்கத் தொடங்கியபோது எண்ணவில்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் அது வராது என்று புரிந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

யாரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மணிதான் வேண்டியிருந்தது.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி" என்று ஆரம்பித்த அத்தை வேம்புலியம்மாள், மீதியை முழுங்கிவிட்டுக் காதருகே குனிந்தாள். "பத்துன்னு சொல்லித் தொலையேண்டி. ஆருக்குத் தெரியப்போவுது? ரூமைப் பூட்டிட்டா நீ எங்க படுப்ப?"

வாய்வரை வந்தது. ஆனால் பார்க்காத மணியை அவள் எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை. அப்பா போன நேரத்தையும் ஒரு கேஸ் மாதிரிக் குறித்துவைக்க மனசு வரவில்லை.

"தெரியாது அத்தை."

"அப்ப அடைப்புதான்" என்றான் தங்கவேல்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் அறையைக் கழுவிவிட்டார்கள். இரண்டு யூனிஃபார்ம், ஒரு பாய், ஒரு தலையணை, அவ்வளவுதான் அவள் எடுத்துக்கொண்டாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய தங்கவேல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினான். "எங்க ஊட்டுக்கு வந்துடேன்" என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் வீடு காலியாகிவிட்டது.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஜமீலா, டூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு வந்தாள். அடுப்படித் தரையில் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எப்படிப் போனாரு வசந்தா?"

வசந்தகுமாரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என் கையப் புடிச்சிகினே."

பூட்டிய கதவுக்குள் விர்ரென்று சத்தம் கேட்டது. கழுவிய தரை காயட்டும் என்று போட்ட ஃபேனை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. சுவிட்ச் உள்ளே இருந்தது.

"ஆறு மாசமா ஓடும்? மெயினை அணைச்சிடட்டா?" என்றாள் ஜமீலா.

"வேணாம். இருக்கட்டும்."

ஜமீலா ஆவடி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வசந்தகுமாரி பாயைக் கதவோரமாக விரித்தாள்.