சோத்தாங்கைப் பக்கம்

“பஸ்ஸுலயா வந்தே? காருக்கு என்ன கவுண்டரே?” என்று கேட்டார் அழகிரிசாமி.

மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கலோடு செங்கோட்டையன் நாற்காலியில் சாய்ந்தார். “பொள்ளாச்சியில ஏறி உக்கடம். அங்கிருந்து டவுன் பஸ்ஸு. காரு நல்லாத்தான் இருக்குது சாமி. ஓட்டறவன்தான் சரியில்லை.”

பின்னால் வந்த அவர் மனைவி முத்தாத்தாள் சிரித்தாள். “வலது எது, இடது எதுன்னு தெரியாத மனுசனை நம்பி எப்படிங்கண்ணா ஏறி உக்கார்றது? நான்தான் சாவியை வாங்கி வெச்சுட்டேன்.”

அழகிரிசாமியும் சிரித்து வைத்தார்.

காந்திபுரத்தில் அவருடைய மோட்டார் பம்ப் கடைக்கு மேல்மாடி அது. சொந்தமாகச் சின்னப் படகு வைத்திருக்கும் எட்டுப் பேர், வருஷத்துக்கு ஒரு தடவை படகுகளை லாரியில் ஏற்றிப்போய்க் காவிரியில் இறக்கி, ஊஞ்சலூருக்கு மேலிருந்து கொடுமுடி வரை ஒன்றாகப் போவார்கள். இந்த வருஷப் பயணத்தைத் திட்டமிடத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஐந்து பேர் ‘நீங்களே முடிவு பண்ணுங்க’ என்று போனிலேயே தப்பித்துக்கொண்டார்கள். வந்தது இவர்கள் இருவரும், பல் டாக்டர் மேக்னாவும்தான்.

முத்தாத்தாள் பையிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்தாள்.

“வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேனுங்கண்ணா. பீச்சாங்கையில குடுக்கறனேன்னு நெனைச்சுக்காதீங்க.”

இடது கையால்தான் நீட்டினாள். வலது கை மணிக்கட்டுக்கு மேல் லேசாக வளைந்து, மடியில் கிடந்தது. அழகிரிசாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அந்தக் கை ஒடிந்ததற்குக் காரணம் அவர்தான். அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

போன வருஷம் ஆற்றுப் பாதையைப் பார்த்து எழுதும் வேலை அவருடையது. கரையில் நின்ற பரிசல்காரரிடம் விசாரித்தார். “வளைவு தாண்டுனதும் சோத்தாங்கைப் பக்கம் பாறை கெடக்குதுங்க. தண்ணி மூடியிருக்கும், தெரியாது” என்றார் அவர். அழகிரிசாமி எழுதிக்கொண்டார்: ‘வலது பக்கம் பாறை. இடது பக்கமாக ஒதுங்கிப் போகவும்.’ ஒரே ஒரு தாள். அதை முதல் படகுக்காரரான செங்கோட்டையனிடம் கொடுத்தார். மற்றவர்கள் அவர் பின்னாலேயே போனால் போதும்.

செங்கோட்டையன் இடது பக்கம் ஒதுங்கினார். நேராகப் பாறை மேல் ஏறினார். கூட இருந்த முத்தாத்தாள் படகின் கம்பியில் போய் மோதினாள். கை இரண்டு இடத்தில் முறிந்தது. தாள் தண்ணீரோடு போனது.

பரிசலில் விரைந்து வந்தவர் அதே பரிசல்காரர்தான். “அன்னைக்கே சொன்னனேங்க, சோத்தாங்கைப் பக்கம்னு!” என்று அழகிரிசாமியிடம் கையைத் தூக்கிக் காட்டினார். எதிரே வருகிற தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டு காட்டினார். பரிசல்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள். தண்ணீரோடு போகிறவனுக்கு அது இடது பக்கம்.

அழகிரிசாமிக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் செங்கோட்டையன் கேட்டார். “சாமி, நீ எந்தப் பக்கம் போகச் சொல்லி எழுதியிருந்தே?”

“வலது பக்கம்னுதானே எழுதியிருந்தேன்.”

அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு பொய். ‘அழகிரிசாமி பம்பு, அளவு தப்பாது’ என்று பேர் வாங்கிய மனுஷனின் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளை என்பது பதினொரு மாதம் ஆகிவிட்டது.

“முதல் படகு யாருங்க சார்? செங்கோட்டையன் அங்கிள்தானே?” மேக்னா நோட்டைத் திறந்தாள்.

“நான் இல்லீங்க அம்மணி. அதைச் சொல்லத்தான் நேர்ல வந்தேன். படகை யாருக்காச்சும் குடுத்தர்றேன். கரையில நின்னு உங்களுக்கெல்லாம் எளநி வெட்டித் தாரேன்.”

“என்னங்க அங்கிள், ஒரு தடவை தப்பாப் போச்சுன்னா...”

செங்கோட்டையன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. “கோயில் கயிறுன்னு நெனைச்சீங்களா? இது வலதுன்னு அடையாளத்துக்குக் கட்டினது. தாள்ல வலதுன்னு எழுதியிருக்குது, எனக்கு இடதுன்னு படிச்ச மாதிரியே ஞாபகம். இன்னைக்கும் கண்ணை மூடினா இடதுன்னுதான் தெரியுது. எங்கப்பனுக்கும் அறுபதுல இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில எங்களையே தெரியலை.”

“அட, சும்மாருங்க,” என்றாள் முத்தாத்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மேக்னா பேச்சை மாற்றப் பார்த்தாள். மார்க்கரை எடுத்து அழகிரிசாமியின் கையில் திணித்தாள். “சார், ரூட்டு நீங்களே எழுதுங்க. பாறை எந்தப் பக்கம்?”

அவர் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகைக்குப் போனார். ‘இடது’ என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

“ஒரு சந்தேகம் சாமி,” என்றார் செங்கோட்டையன். குரலில் பள்ளிக்கூடப் பையனின் கூச்சம். “நீ என்னைப் பாத்து நிக்கறே. உன் இடதுன்னா எனக்கு எது? தப்பா நெனைச்சுக்காதே, சரியாப் புரிஞ்சுக்கலாம்னுதான்.”

மார்க்கர் மூடி கீழே விழுந்து உருண்டது.

“உனக்கு ஒண்ணுமில்லே கவுண்டரே.”

“என்ன?”

“உன் மூளைக்கு ஒண்ணுமில்லே. தாள்ல இடதுன்னுதான் இருந்துது. நான்தான் தப்பா எழுதினேன். பரிசல்காரர் சொன்னதைத் திருப்பிப் போட்டுட்டேன். ஆஸ்பத்திரியில நீ கேட்டப்போ பொய் சொன்னேன்.”

கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“இடதுன்னா இருந்துது?” செங்கோட்டையன் மெதுவாக எழுந்தார். “நான் படிச்சது சரிதானா?”

“சரிதான்.”

அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே சிரித்தார். மனைவி பக்கம் திரும்பி, “கேட்டியா முத்து? சரியாத்தான் படிச்சிருக்கேன்!” என்றார். அப்புறம்தான் மற்றது உறைத்தது போலிருக்கிறது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. “பதினொரு மாசம், சாமி. டாக்டருகிட்டப் போலாமா வேண்டாமான்னு தெனமும் பயந்து செத்தேன். மாசத்துக்கு ரெண்டு தடவை எங்க ஊட்டுக்கு வந்து சோறு தின்னியே.”

அழகிரிசாமி குனிந்து மார்க்கர் மூடியை எடுத்தார்.

முத்தாத்தாள் கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தனை பேச்சுப் பேசிப்போட்டேன் உங்களை,” என்றாள். பிறகு அழகிரிசாமியிடம் திரும்பினாள். “அவரு காரியத்துக்கு இன்னைக்கு வழி சொல்லிப்போட்டீங்க. எனக்கு இன்னும் சோறு பிசைய வரலீங்கண்ணா. அதுக்கு என்ன எழுதுவீங்க?”

‘மன்னிச்சுக்கம்மா’ என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கையைப் பார்த்ததும் அது சின்னச் சொல்லாகத் தெரிந்தது.

அவள் மேசைமேல் இருந்த தூக்குப்போசியை எடுத்து மேக்னாவிடம் நீட்டினாள். “நீ தின்னு கண்ணு. மத்தவங்களுக்கும் குடு.”

செங்கோட்டையன் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். அழகிரிசாமியின் முன்னால் கையை நீட்டினார்.

“சாவியைக் குடு.”

“எந்தச் சாவி?”

“உன் காரு சாவி. நானே ஓட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன். நாளைக்குப் பஸ்ஸுல வந்து எடுத்துக்கோ. உக்கடத்துல ஏறு, உக்கார எடம் கெடைக்காது. நின்னுக்கிட்டே வா. யோசிக்க நேரம் கெடைக்கும்.”

அழகிரிசாமி சாவியைக் கொடுத்தார்.

“முதல் படகு என்னுதுதான் அம்மணி, எழுதிக்கோங்க,” என்று படியில் இறங்கிக்கொண்டே கத்தினார் செங்கோட்டையன். “ஆனா தாளு எழுதறது நீங்க!”

மேக்னா பலகையில் ‘இடது’ என்பதை அழித்தாள். ‘பாறை நாமக்கல் கரையோரம். ஈரோட்டுக் கரையோரமாகப் போகவும்’ என்று எழுதினாள். எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மாறாத சொற்கள். பம்புக்கு அளவெடுத்தே முப்பது வருஷம் ஓட்டியவருக்கு இது தோன்றவில்லை.

அழகிரிசாமி ஜன்னலுக்குப் போனார். கார் வெளியே வந்து சாலை ஓரத்தில் தயங்கி நின்றது. முன் சீட்டில் முத்தாத்தாள். வலது பக்க விளக்கு மின்னியது. வெகுநேரம் மின்னிக்கொண்டே இருந்தது. பஸ்கள் விட்ட இடைவெளியில் கார் வலது பக்கம் திரும்பிப் போனது.