ஒரு கோப்பு மட்டும்

பழைய ஆயர் சிப்ரியான் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மறைமாவட்ட அலுவலகம் முழுக்க எழுந்து நின்றது. செல்லபாய் மட்டும் எழவில்லை.

"சேச்சி, பிதாவு வந்திருக்காரு கேட்டோ," என்றாள் பக்கத்து மேசை நீது.

"கண்டேன். கால் வலிக்கு."

"தம்பானூர் ஸ்டாண்ட்லேர்ந்து ஆட்டோக்காரன் இருநூறு கேட்டானாம். வாசல்ல நின்னு தர்க்கம். முன்னாடி இவரோட காரைக் கண்டா போலீஸே வழி விடும் அல்லே?"

செல்லபாய்க்குச் சிரிப்பு வந்தது. அது தொண்டையிலேயே நின்று இனித்தது.

சிப்ரியான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. அவருடைய தம்பி ஜெயகுமார் முந்தின நாள் இறந்துபோயிருந்தார். சபையை விட்டுவிட்டு, பதிவு அலுவலகத்தில் ஓர் இந்துப் பெண்ணை மணந்து, முப்பது வருடம் மாதா கோயில் வாசலை மிதிக்காத தம்பி. உடல் மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தது. அப்பன் அம்மையின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் ஆயர் ஒருவருக்குத்தான். இருபது வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது மனுவும் கையுமாக வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்.

மனுவைச் செல்லபாய்தான் உள்ளே கொண்டுபோனாள். புதிய ஆயர் இளையவர். வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குக் கொடுக்கணும்னுதான் சேச்சி. ஆனா நாளைக்கு ஆளுகள் என்ன சொல்லும்? பிதாவோட தம்பின்னா ஒரு நியாயம், நமக்கு வேறயான்னு கேக்கும். இங்க முன்னாடி இப்படி வந்திருக்கா? ஃபைல் உண்டா?"

"நோக்கட்டும் பிதாவே."

நோக்க வேண்டியதே இல்லை. ஆவண அறையின் மூன்றாவது அலமாரியில் இரண்டு கோப்புகள் இருப்பது அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஒன்று அவளுடைய அம்மா மரியபாக்கியத்தினுடையது. புருஷன் விட்டுப்போன பிறகு சாலைக்கடை கோலப்பனோடு பதினாறு வருடம் வாழ்ந்தவள். சாகும்போது கையில் ஜெபமாலை இருந்தது. 'ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் சட்டம் நிற்காது' என்று சிப்ரியான் சொல்லச் சொல்ல, அம்மாவுக்கு இடம் மறுத்த ஆணையைக் கம்ப்யூட்டரில் அடித்தவளே செல்லபாய்தான். ஒன்பது வருடத்துக்கு முன்பு. அடித்து முடித்து, எழுத்துப் பிழை பார்த்து, கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது, அதற்கு இரண்டு மாதம் கழித்து வித்துராப் பக்கத்து எஸ்டேட் முதலாளி ஒருவருக்கானது. இதே குற்றம். அதற்கு 'அனுமதிக்கப்படுகிறது' என்று ஒரே வரி.

அலமாரி முன்னால் போய் நின்றபோது அந்த இரண்டாவது கோப்பின்மேல் அவள் விரல் சற்று நின்றது. இதை எடுத்துக்கொண்டு போனால் ஜெயகுமாருக்கு ஆறடி மண் கிடைக்கும். யாரென்றே தெரியாத அந்த மனிதர் தனக்கு என்ன செய்தார் என்று கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அம்மா மட்டும் சிப்ரியானுக்கு என்ன செய்தாள்? விரலை எடுத்துக்கொண்டாள்.

புதிய ஆயர் முதல் கோப்பைப் படித்தார்.

"பிதாவோட சொந்தக் கையொப்பம். வேற ஏதாவது?"

"இல்லை பிதாவே."

பொய் இத்தனை எளிதாக வாயிலிருந்து இறங்கியது அவளுக்கே வியப்பாக இருந்தது. அவர் மனுவின் ஓரத்தில் 'முந்தைய ஆயரின் தீர்மானப்படி மறுக்கப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் வெளியே வந்து காகிதத்தைச் சிப்ரியானிடம் நீட்டினாள். இருமுறை படித்தார்.

"என் தீர்மானமா? எதுல?"

"மரியபாக்கியம் கேஸ்ல."

"அது யாரு மோளே?"

செல்லபாய் இந்த நிமிடத்தை எத்தனையோ ராத்திரிகளில் வாழ்ந்து பார்த்திருந்தாள். அதிலெல்லாம் அவர் அந்தப் பெயரைக் கேட்டதும் வெளிறிப்போவார். ஒருமுறை காலில்கூட விழுந்திருக்கிறார். மறந்திருப்பார் என்று மட்டும் அவள் நினைத்ததே இல்லை.

"என் அம்மை," என்றாள்.

அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"அம்மையை எங்க கொண்டுபோனே?" என்றார்.

"கார்ப்பரேஷன் மின்மயானம். முன்னமே புக் பண்ணணும். ஆதார் வேணும், ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் வேணும். அரை மணிக்கூருக்கு மேல நிக்க விடமாட்டாங்க. அடுத்த ஆள் காத்திருக்கும்."

ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மறுக்கப்பட்ட மனுவின் பின்புறத்தில் எல்லாவற்றையும் வரிசையாகக் குறித்துக்கொண்டார்.

"சாம்பல் எப்ப தருவாங்க?"

"மறுநாள். மண்பானை நம்ம கொண்டுபோகணும்."

அதையும் எழுதினார். பிறகு பேனாவை மூடாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அங்க வச்சு நான் ஒரு ஜெபம் சொல்லலாம் அல்லே? என் தம்பியாக்கும்."

அடக்கத்துக்கு மறுப்பு என்றால் சடங்குக்கும் மறுப்புதான். அவருக்கே அது தெரியும், தெரிந்துதான் கேட்டார். 'சொல்லுங்க பிதாவே' என்ற இரண்டு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"அதுக்கு ஆயரோட அனுமதி வேணும்," என்றாள். மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். "தனியா ஒரு மனு எழுதித் தாங்க."